பொம்மை ரயிலுக்குச் சரியான நிறம் பிறந்த கதை

சிங்கப்பூர் பெருவிரைவு ரயில் என்ன நிறம் என்று தேக்காவில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பதிலை வைத்தே அவர் எந்தக் காலத்து ஆள் என்று சொல்லிவிடலாம். யோசிக்காமல் ‘சிவப்புப் பட்டை’ என்பவர், 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களோடு ஓடத் தொடங்கிய முதல் ரயிலைப் பார்த்தவராக இருப்பார். சிவப்பும் பச்சையும் கலந்தது என்பவர் 2017இல் வந்த வண்டிகளை மனத்தில் வைத்திருக்கிறார். லிட்டில் இந்தியா நிலையத்தில் 2003 முதல் ஏறி இறங்குபவருக்கு ரயில் என்றாலே ஊதாப் பாதைதான். மூவர் சொல்வதும் சரி. மேசைமேல் ஓடும் சிறு ரயிலைச் செய்கிறவருக்குத்தான் சங்கடம். அவர் ஒரு வண்டிக்கு ஒரு நிறத்தைத்தான் பூச முடியும்.

இந்தச் சங்கடத்துக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் பொம்மை ரயிலுக்குச் ‘சரியான நிறம்’ என்று ஒன்று இருக்கிறது என்றே யாரும் நினைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்துக்கே பொம்மை ரயில் செய்து அனுப்பிய நாடு ஜெர்மனி. கோப்பிங்கன் ஊரின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தைக்குச் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைக் கொண்டுவந்தது. தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்து, இன்று வாங்கிய பாதையோடு அடுத்த ஆண்டு வாங்குவதும் பொருந்தும்படி செய்தது. நியூரம்பர்க்கில் பிங், காரெட் போன்ற தகரப் பொம்மைக்காரர்களும் இதே வியாபாரத்தில் இருந்தார்கள். பாதைக்கு ஒழுங்கு வந்தது, பூச்சுக்கு வரவில்லை. சிவப்போ பச்சையோ, ஓரத்தில் பொன்கோடு மின்ன வேண்டும், குழந்தை அழுது அடம்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இங்கிலாந்துக்கு அனுப்பும் சரக்கு என்றால் ஜெர்மன் உருவத்து எஞ்சின் மேலேயே ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுவார்கள்.

வாங்கிய பையன்களுக்கு இது உறுத்தியது. அன்றைய பிரிட்டனில் ரயில் என்பது ஒரே நிறுவனமல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப்பூச்சு. லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் எஞ்சின் கறுப்பு, மிட்லண்ட் எஞ்சின் கருஞ்சிவப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் நடைமேடையில் நிற்பது யார் வண்டி என்று நிறத்தைப் பார்த்தே தெரியும். தன் ஊர் வண்டியைக் கேட்டவன் கையில் ஊர்பேர் இல்லாத பச்சை வண்டியைக் கொடுத்தால் என்ன செய்வான்?

இதைப் புரிந்துகொண்டவர் நார்தாம்ப்டன் ஊரில் கொதிகலன் செய்யும் குடும்பத்தில் பிறந்த வென்மன் ஜோசப் பாசெட்-லோக். 1899இல் தபால் வழியே சிறு எஞ்சின்களும் உதிரிபாகங்களும் விற்கத் தொடங்கியவர், 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பிங் நிறுவனத்தாரைச் சந்தித்தார். உங்கள் தொழில்நுட்பத்தில் எங்கள் ஊர் எஞ்சினைச் செய்து தாருங்கள், உருவமும் நிறமும் நாங்கள் சொல்கிறபடி இருக்கட்டும் என்பது ஒப்பந்தத்தின் சாரம். அப்படி வந்த தொடக்ககால எஞ்சின்களில் ஒன்று லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனியின் ‘பிளாக் பிரின்ஸ்’. பகட்டு நிறங்கள் நிறைந்த கடை அலமாரியில் ஒரு கறுப்பு பொம்மை விலைபோனது என்றால், வாங்கியவன் அழகைப் பார்த்து வாங்கவில்லை. சரியான நிறம் என்ற ஆசை பிறந்த இடம் அதுதான் என்பேன். பாசெட்-லோக் பின்னாளில் தன் வீட்டு உள்ளலங்காரத்தைக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மக்கின்டாஷிடம் கொடுத்தவர். நிறத்தில் சமரசம் செய்யாத ஆள் என்பதற்கு அந்த வீடும் ஒரு சாட்சி.

ஆசை இருந்தால் போதுமா, அச்சடிக்க வேண்டாமா? பெட்டிகளுக்கும் வேகன்களுக்கும் வழி காட்டியது தகரத்தின்மேல் லித்தோ அச்சு. பலகை இடுக்கு, ஆணித்தலை, கம்பெனிச் சின்னம், வேகன் எண் எல்லாவற்றையும் தட்டையான தகரத்தில் அச்சடித்துப் பிறகு மடித்துப் பெட்டியாக்கிவிடலாம். காரெட் நிறுவனம் பாசெட்-லோக்குக்காக அச்சடித்த பெட்டிகளை இன்றும் ஏலத்தில் போட்டிபோட்டு எடுக்கிறார்கள்.

எல்லாரும் அவ்வளவு சிரத்தை காட்டவில்லை. மெக்கானோ புகழ் ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் ரயில் விற்க வந்தபோது, ஒரே எஞ்சினுக்குக் கறுப்படித்து ஒரு கம்பெனி பெயரையும், சிவப்படித்து இன்னொன்றையும், பச்சையடித்து மூன்றாவதையும் போட்டார். அசலில் மூன்றும் உருவத்திலேயே வெவ்வேறு. உடம்பு பொய், சட்டை மெய். நன்றாகவே விற்றது. மனிதக் கண் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறது என்று ஹார்ன்பிக்குத் தெரிந்திருந்தது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் எஞ்சின், பயணிகள் பெட்டி பற்றி. சரக்கு வேகன் கதை தனி. அது அழுக்கிலேயே பிறந்து அழுக்கிலேயே ஓடுகிற ஜீவன். நிறத்தைத் தேடுகிறவருக்கு மிகக் கடினமான வேலையும், என் கணக்கில் மிகச் சுவாரசியமான வேலையும் அதில்தான் இருக்கிறது.

உலகின் பாதிச் சரக்கு வேகன்கள் ஏன் செங்காவி நிறத்தில் இருக்கின்றன? வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடிக்கிறோமே, அதே ரெட் ஆக்சைடுதான் காரணம். இரும்பு ஆக்சைடு மலிவு; வெயிலில் எளிதில் வெளுக்காது. அழகுணர்ச்சிக்கு அங்கே வேலையில்லை. மீதிப் பாதி சாம்பல் நிறமாக இருந்ததற்கும் காரணம் மலிவுதான். ஈய வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் சாம்பல் கிடைத்துவிடும். இங்கேதான் வேதியியல் குறுக்கே வருகிறது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் பட்டால் ஈய வெள்ளை கறுத்துப்போகும். பட்டறையிலிருந்து பளிச்சென்ற வெள்ளைக் கூரையோடு வெளிவந்த பெட்டி, சில வாரப் புகையில் கருஞ்சாம்பலாகிவிடும். அப்படியானால் மாதிரி வண்டியின் கூரைக்கு எந்த நிறம்? ஆவணத்தைப் பார்த்தால் வெள்ளை, நேரில் பார்த்தவனைக் கேட்டால் சாம்பல். இந்தக் கூரைச் சண்டை இன்னமும் முடியவில்லை. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் வேகன்களைச் சிவப்பிலிருந்து சாம்பலுக்கு எந்த ஆண்டு மாற்றியது என்பதில்கூட ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது.

வேகனின் நிறம் சில நேரம் வேறொரு செய்தியும் சொல்லும். 1948இல் பிரிட்டிஷ் ரயில்கள் நாட்டுடைமையான பிறகு, தொடர் பிரேக் பொருத்திய வேகனுக்குச் செம்பழுப்பு, பொருத்தாததற்குச் சாம்பல் என்று விதித்தார்கள். தூரத்திலிருந்தே ஷண்டிங் ஊழியருக்குத் தெரிந்துவிடும். இந்தியாவிலும் இப்படி நடந்தது. 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்துவைத்த சென்னைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டிகள் பல பத்தாண்டு செங்காவியில் ஓடின. 1990களில் அவை நீலமாக மாறத் தொடங்கியதைப் பலர் அலங்கார மாற்றம் என்றே நினைத்திருப்பார்கள். வெற்றிட பிரேக்கிலிருந்து காற்றழுத்த பிரேக்குக்கு மாறிய பெட்டி என்பதற்கான அடையாளம் அந்த நீலம். ஆகவே செங்காவிப் பெட்டிக்குக் காற்றழுத்த பிரேக் குழாய் வைத்து மாடல் செய்தால், விவரம் தெரிந்தவர் முதலில் அந்தக் குழாயைத்தான் பிடித்துக்கொள்வார்.

இத்தனை ஆசை இருந்தும் ஆதாரத்துக்கு எங்கே போவது? பெயரை நம்ப முடியாது. வில்லியம் ஸ்ட்ரௌட்லி என்ற பொறியாளர் 1870இல் லண்டன் பிரைட்டன் ரயில்வேக்கு வந்து தன் எஞ்சின்களுக்குப் பூசிய நிறத்தின் பெயர் ‘மேம்படுத்திய எஞ்சின் பச்சை’. அது பச்சையே அல்ல. தங்கக்காவி போன்ற மஞ்சள். அவருக்கு நிறக்குருடு என்று ஒரு வதந்தி இன்றும் உலவுகிறது. 1882இல் கட்டிய ‘கிளாட்ஸ்டன்’ எஞ்சின் யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தில் அந்த மஞ்சளிலேயே நிற்பதால் பிழைத்தோம். அந்த எஞ்சின் அழிந்து, பெயர் மட்டும் தங்கியிருந்தால், மாடல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பச்சையடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

படத்தையும் நம்ப முடியாது. பழைய கறுப்பு வெள்ளைத் தகடுகள் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு வண்டி படத்தில் கறுப்பாக விழும், நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாக விழும். படத்தை உற்றுப் பார்த்து நிறத்தை ஊகிப்பவர் நேர் எதிர்த்திசையில் போய்விடலாம். போதாக்குறைக்குப் பெயின்ட் டப்பாவில் அடைத்து வந்ததும் அல்ல. பட்டறைக்குப் பட்டறை பொடியை எண்ணெயில் அரைத்துக் கையால் கலந்தார்கள். ஒரே கம்பெனியின் இரு பட்டறைகளில் ஒரே நிறம் இருநிறமாக வந்ததும் உண்டு.

இந்தக் குழப்பத்தைத் துப்பறிவாளர்களைப்போல அவிழ்க்கத் தொடங்கியவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள். பிரிட்டனில் 1950இல் வரலாற்று மாடல் ரயில் சங்கம் தொடங்கியது. பழைய பெட்டிகளில் ஒட்டியிருந்த பெயின்ட் செதில்களையும் பட்டறைக் குறிப்புகளையும் வைத்துக் கம்பெனி வாரியாகப் பூச்சு விவரங்களை நூலாக்குவதும், சரியான எழுத்துருவில் ஒட்டெழுத்து அச்சிடுவதும் இன்றுவரை அதன் வேலை. 1952இல் எர்னஸ்ட் கார்ட்டர் 1825 முதல் 1948 வரையிலான பிரிட்டிஷ் ரயில் நிறங்களைத் தனிப் புத்தகமாகத் தொகுத்தார். சொல்லால் நிறத்தைச் சொல்வதில் பயனில்லை என்று கண்டு, டென்மார்க்கின் கோர்னரப்பும் வான்ஷரும் தொகுத்த நிறக்கையேட்டின் கட்ட எண்ணைக் குறிப்பிடும் பழக்கமும் பின்னால் வந்தது. கருஞ்சிவப்பு என்றால் ஆளுக்கு ஒன்று தோன்றும். பக்கம், வரிசை, கட்டம் என்றால் ஒன்றுதான்.

எண்ணால் நிறத்தைக் கட்டிப்போடும் வேலையைத் தொழில்துறை முன்பே தொடங்கியிருந்தது. ஜெர்மனியின் ரால் பட்டியல் 1927இல் 40 நிறங்களோடு வந்தது. இன்று ஜெர்மன் ரயிலின் சிவப்பு வேண்டுமென்றால் 3020 என்று கேட்டால் போதும். இந்தியாவில் பெயின்ட் நிறங்களுக்கான ஐ.எஸ். 5 தரப்பட்டியல் இருக்கிறது. ஜப்பான் தேசிய ரயில்வே இன்னும் ஒரு படி மேலே போனது. இரவு ரயில்களுக்கு நீலம் 15, டோக்கியோவின் யாமனோத்தே தடத்துக்கு மஞ்சட்பச்சை 6 என்று தன் நிறங்களுக்குத் தானே எண் போட்டுக்கொண்டது. அதே எண்ணைப் போட்டு ஜப்பானில் மாடல் பெயின்ட் விற்கிறார்கள். நம் முதல் பெருவிரைவு ரயில்களைக் கட்டித் தந்த கவாசாக்கியின் ஊர் அது. அவர்களுடைய ஒழுங்கைப் பார்த்துப் பொறாமைப்படத்தான் முடிகிறது.

நிறத்தில் இத்தனை கறாராக இருக்கும் மாடல்காரர்கள் தண்டவாளத்தில் காட்டும் தாராளத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. பிரிட்டனின் ஓஓ அளவில், 1:76.2 கணக்குப்படி பாதை அகலம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓடுவதோ 16.5இல். இந்திய அகலப்பாதையை 1:87க்குச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதையும் 16.5இலேயே ஓட்டுகிறோம். தண்டவாளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறுகினால் ‘பரவாயில்லை’, சிவப்பு ஒரு மாற்றுக் குறைந்தால் ‘ஐயோ’. முரண்தான், ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது. ரயிலை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம். பாதையின் அகலம் நேர் முன்னால் நின்றால்தான் தெரியும்.

அசல் பெயின்ட் டப்பாவையே வாங்கிவந்து மாடலில் அடித்தாலும் வேலை முடியாது. சின்னப் பரப்பில் அதே நிறம் கூடுதல் அடர்த்தியாகத் தெரியும். அசல் வண்டியை நாம் பல மீட்டர் தள்ளி நின்று, நடுவிலுள்ள காற்றின் மங்கலோடு பார்த்துப் பழகியவர்கள். அதனால் கொஞ்சம் வெள்ளை சேர்த்து இளக்குவார்கள். எவ்வளவு என்பது கைப்பக்குவம். சிங்கப்பூரில் இதற்கு ஒரு சுவையான உள்ளூர்த் திருப்பம் உண்டு. வடக்கு-தெற்குப் பாதையின் வண்டிகள் பெரும்பகுதி மேம்பாலத்தில் வெயிலில் ஓடுபவை. அவற்றின் மாடலை வெளுக்க வைப்பது நியாயம். லிட்டில் இந்தியாவைத் தொடும் வடகிழக்குப் பாதையின் நிலையங்கள் எல்லாமே நிலத்தடியில். அந்த வண்டியைப் பயணிகள் விளக்கொளியில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அதன் மாடலை ஜன்னலோரம் வைத்து நிறம் சரியில்லை என்பது அநியாயம். நிலைய விளக்கைப் போன்ற ஒரு விளக்கின்கீழ் வைத்துப் பார்க்க வேண்டும்.

எழுத்து இன்னொரு கண்டம். வேகன்மேல் பத்து சென்டிமீட்டர் உயர எழுத்து, 1:87இல் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற 1:160 ‘N’ அளவில் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். கடிகார முகப்புகளுக்குப் பயன்பட்ட சிலிக்கோன் அச்சுமுறை பொம்மைத் தொழிலுக்கு வந்த பிறகுதான் இது தொழிற்சாலையில் சாத்தியமாயிற்று. மெத்தென்ற திண்டு மையை எடுத்து வளைவிலும் மேட்டிலும் பதித்துவிடும். அது வந்ததும் அடுத்த வம்பும் வந்தது. படிக்க முடிகிற அளவுக்கு அச்சாகிறது என்றால், படித்துப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பவனும் வருவான். இந்திய வேகனில் எழுதியிருப்பது 11 இலக்க எண். அதற்குள் வேகன் வகை, சொந்தக்கார ரயில்வே, கட்டிய ஆண்டு எல்லாம் அடக்கம். கடைசி இலக்கம் மற்றப் பத்தையும் சரிபார்க்கிற இலக்கம். வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் கணக்குத் தெரிந்தவர் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார். ஐரோப்பிய வேகன்களில் கடைசியாகப் பரிசோதித்த தேதிகூட இருக்கும். நிறம் ஒரு காலத்தைச் சொல்லி, தேதி வேறொரு காலத்தைச் சொன்னால் அந்த மாடல் தோற்றது.

இந்த வழியில்தான் சரியான நிறம் என்ற கேள்வியே உருமாறியது. என்ன நிறம் என்று கேட்டவர்கள், எந்த ஆண்டு என்று கேட்கத் தொடங்கினார்கள். 1954இல் உருவான ஐரோப்பிய மாடல் ரயில் சங்கங்களின் கூட்டமைப்பு வகுத்த நெறிகளில் ஒன்று ரயில் வரலாற்றைக் காலகட்டங்களாகப் பிரித்து ரோமன் எண் கொடுத்தது. இன்று ஜெர்மன் மாடலின் பெட்டிமேல் விலைக்கு அடுத்தபடி கண்ணில் படுவது அந்தக் கால எண்தான். நமக்கு இது புதிதல்ல. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் என்ன நிறம் என்று கேட்டால், எந்தக் குடமுழுக்குக்குப் பிறகு என்று திருப்பிக் கேட்போம்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். 1987இல் வந்த அதே ரயில்களை 2006 முதல் 2008 வரை புதுப்பித்தபோது வெளிப்பூச்சும் மாறியது. பின்னர் அவை படிப்படியாக ஓய்வுபெற்றன. பேருந்துகளோ 2016இல் மக்களிடம் வாக்கெடுத்துச் சிவப்பைத் தோற்கடித்துப் பச்சைக்கு மாறின. ஒரு நிறத்தைப் பூசினால் ஓர் ஆண்டைச் சொன்னதாகிவிடும் ஊர் இது.

ஆனால் நம் ரயில் 1987இல் பிறக்கவில்லை. 1903 ஜனவரி 1ஆம் தேதி முதல் ரயில் புறப்பட்ட டேங்க் ரோடு நிலையம், தைப்பூசக் காவடிகள் வந்துசேரும் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறந்ததும் டேங்க் ரோடு மூடப்பட்டது. மலாயா ரயில்வேயின் அலுவலகங்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர், பாதையில் தமிழகத்துத் தொழிலாளர், கோலாலம்பூர் செந்தூல் பட்டறையிலும் தமிழ்க் கைகள். அந்தப் பட்டறையில் எந்த ஆண்டு எந்த டப்பாவைத் திறந்தார்கள் என்பதைக் கறுப்பு வெள்ளைப் படங்கள் சொல்லாது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு ஜொகூர் சுல்தான் ஓட்டிய கடைசி ரயிலை எல்லாரும் வண்ணத்தில் படம் பிடித்தார்கள். அந்த ஒரு நாளுக்குப் படம் போதும். அதற்கு முந்தைய ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குத்தான் பற்றாக்குறை.

ஆகவே ஒரு வேண்டுகோள். தஞ்சோங் பகாரில் மலேசியா போகும் உறவினரை வழியனுப்பியபோது எடுத்த வண்ணப் படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், பின்னணியில் பெட்டியோ வேகனோ தெரிகிறதா என்று பாருங்கள். பழைய வண்ணப் படங்கள் செவ்வோடிப் போகக்கூடியவை. இப்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள். படத்துக்குள் சிங்கப்பூர்க் கொடியோ நாம் நிறம் அறிந்த வேறொரு பொருளோ இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். மற்ற நிறங்களைச் சரிசெய்ய அதுதான் அளவுகோல். நினைவிருக்கும்போதே படத்தின் பின்பக்கம் ஆண்டைப் பென்சிலில் எழுதி வையுங்கள். முடிந்தால் ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் கொடுங்கள்.